கலரை அப்புறம் பார்ப்போம்

பழைய காரை டோ பண்ணிக்கொண்டு என் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "அண்ணே, ஒரிஜினல் கலரே அடிக்கலாமா, டூ-டோன் போயிடலாமா?" என்றுதான். தாத்தா ஓட்டிய அம்பாசடரோ, மாமனார் வீட்டு ஷெட்டில் கிடந்த ஃபியட்டோ, கேள்வி மாறுவதில்லை. ஆசை நியாயமானதுதான். ஆனால் கையிலிருக்கும் காசெல்லாம் டிங்கரிங்குக்கும் பெயின்டுக்கும் போய்விட்டால், பிரேக் வேலை வரும்போது "இப்போதைக்கு ஓடுற மாதிரி பண்ணிக் குடுங்க" என்றாகிவிடுகிறது. பழைய கார் சந்திப்புகளில் தகதகவென்று நிற்கும் சில வண்டிகளின் அடியில் குனிந்து பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

காரணம் இருக்கிறது. ஐம்பது, அறுபதுகளில் வந்த வண்டிகளில் பெரும்பாலும் பிரேக்குக்கு ஒரே சுற்றுதான். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் ஒரு மாஸ்டர் சிலிண்டர், அதிலிருந்து நாலு சக்கரத்துக்கும் போகும் ஒரே ஆயில். எங்கேயாவது ஒரு ஹோஸ் (ரப்பர் குழாய்) வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் கிடையாது. இப்போதைய வண்டிகளில் இரண்டு தனிச் சுற்று இருப்பதால் ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். பழைய வண்டியில் மிஞ்சுவது ஹேண்ட்பிரேக் மட்டும். அதையும் "சும்மா நிறுத்தத்தானே" என்று கேபிள் துருப்பிடித்தபடியே விட்டுவைத்திருப்பார்கள்.

ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. பல வருடம் ஷெட்டில் நின்ற வண்டி. பெடலை மிதித்தால் கல் மாதிரி நின்றது. "பிரேக் சூப்பரா இருக்கு, பாருங்க" என்றார் உரிமையாளர். பின்சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றி, உள்ளே பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் நெம்பினேன். உள்ளேயிருந்து காப்பி டிக்காஷன் நிறத்தில் தண்ணீர் வழிந்தது. ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் கப் வாஷர் வளைத்தால் ஒடிந்தது. சிலிண்டரின் உள்சுவரில் நகத்தை ஓட்டினால் குழிகள் தட்டுப்பட்டன.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஓடாமல் நிற்கும் வண்டியிலும் அது நடந்துகொண்டேதான் இருக்கும். டாட் 3 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். ஏற்காடு, ஊட்டி இறக்கத்தில் விடாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்து, பெடல் தரையோடு போவது இதனால்தான். அதே ஈரம்தான் சிலிண்டரைத் துருப்பிடிக்க வைக்கிறது. குழி விழுந்த சிலிண்டரில் புது கப் போட்டால் சில மாதம் தாங்கும், பிறகு மறுபடி கசியும். லேத்தில் கொடுத்து உள்ளே கடைந்து, புதுக் குழாய் (ஸ்லீவ்) செருக வேண்டும், இல்லையென்றால் புது சிலிண்டர் வாங்க வேண்டும். ஹோஸ் விஷயம் இன்னும் மோசம். வெளியே நன்றாக இருக்கும், உள்ளே ரப்பர் ஊதி வழியை அடைத்திருக்கும். மிதித்தால் பிரேக் பிடிக்கும், காலை எடுத்தால் விடாது. அதனால் வருடக்கணக்கில் நின்ற வண்டியென்றால் பிரேக்கில் உள்ள ரப்பர் அத்தனையையும் மாற்றச் சொல்கிறேன். இதில் பேரம் கிடையாது.

டிரம்மைக் கழற்றும்போது இன்னொரு எச்சரிக்கை. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசியை ஏர் கம்ப்ரசரால் ஊதித் தள்ளுவது நம்மூர்ப் பழக்கம். நுரையீரலுக்குள் போன அந்த இழை திரும்பி வராது. பல வருடம் கழித்துப் புற்றுநோயாகக்கூட வரலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள். வேலை செய்யும் பையனுக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்பதால், சுரண்டும்போதும் வாட்டர் பேப்பரை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும்.

ஹெரால்டைச் சொன்னதால் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ப் ஹெரால்டு, 1961-இலிருந்து நம் சென்னைக்குப் பக்கத்திலேயே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது. உடலை வரைந்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். பானட்டை மட்கார்டோடு சேர்த்து முன்பக்கம் சாய்த்துவிட்டால், முன்டயர் மேலேயே உட்கார்ந்து கார்ப்ரேட்டரில் கை வைக்கலாம். 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். மெக்கானிக்கை மனதில் வைத்துச் செய்த வண்டி என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

அடுத்தது பெட்ரோல். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. இந்த வண்டிகளின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. பழைய ஹோஸ் ஊதி வெடிக்கும், இன்ஜினிலுள்ள பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் (உள்ளே அசையும் மெல்லிய சவ்வு) கெட்டுப்போகும். டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலுக்குள் இறங்கும். ஆயில் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஹோஸ் வாங்கும்போது மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்ற தரக்குறி அச்சடித்திருக்கிறதா பார்த்து வாங்குங்கள். சாதா ஹோஸைவிட விலை அதிகம்தான். ஆனால் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் சொட்டுவதை ஒருமுறை பார்த்தவர்கள் விலை கேட்க மாட்டார்கள். எத்தனாலும் தண்ணீரை இழுக்கும், மழைக்காலம் முழுக்க டேங்க்கில் நின்றால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து டேங்க்கை அரிக்கும். வருடத்துக்கு இரண்டு தடவை மட்டும் வெளியே எடுக்கிற வண்டியென்றால் பெட்ரோலை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

பாடிக்கு வருவோம். வாங்கும் முன் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். கதவுக்குக் கீழ்ப்பகுதி, வீல் ஆர்ச், டிக்கி ஓரம் எல்லாம் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. கடலோர ஊர்களில் ஓடிய வண்டியென்றால் உள்ளே விரித்திருக்கும் மேட்டைத் தூக்கி வண்டியின் தரைத் தகட்டையும் பார்க்க வேண்டும். ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) உண்டு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு வண்டியின் பாரத்தைத் தாங்குவதில்லை. அம்பாசடரிலும் ஃபியட்டிலும் அப்படி இல்லை. பாடிதான் சேஸிஸ், அந்தப் பெட்டித் தகடுதான் நடு உடம்பைத் தாங்குகிறது. முட்டுக் கொடுக்காமல் அதை வெட்டி எடுத்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், பிறகு எந்த டிங்கராலும் கதவை ஒழுங்காகச் சாத்த வைக்க முடியாது. வெல்டிங் எந்த இடத்தில் வைத்தாலும் முதலில் பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். காலி டேங்க்தானே என்று நினைக்க வேண்டாம், காலி டேங்க்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகு பெயின்ட். அப்போதும் நான் ஒருமுறை தடுத்துப் பார்ப்பேன். கம்பெனி பெயின்ட் மங்கலாக இருந்தாலும் முக்கால்வாசி மிச்சமிருந்தால் விட்டுவிடுங்கள். புதுப் பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், சுரண்டிய பழைய பெயின்டைத் திரும்ப ஒட்ட முடியாது.

ஆர்.சி.யையும் பாருங்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, ஒரிஜினல் வடிவில் இருக்கும் வண்டிகளை வின்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்யலாம் என மத்திய அரசு 2021-இல் விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். எம்எஸ், எம்டி என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் நம்பர் கையிலிருந்தால் அதை விடாதீர்கள். ஆனால் இந்த வகையில் பதிவு செய்தால் தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ வண்டியை எடுக்கக் கூடாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும்தான். சேஸிஸ், பாடி, இன்ஜினைப் பெரிதாக மாற்றிய வண்டி இந்த விதிக்குள் வராது. பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் போட்ட அம்பாசடர் ஊரெல்லாம் உண்டு. அட்வான்ஸ் கொடுக்கும் முன் இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

சந்திப்புக்குக் கிளம்புகிறீர்களா? விடியற்காலையில் கிளம்புங்கள். வெயில் ஏறி டிராஃபிக்கில் மாட்டினால் பம்ப்பில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் சரியாகும். ஃபேன் பெல்ட், இக்னிஷனுக்கான பாயின்ட் செட், கண்டென்சர், தண்ணீர், தீயணைப்பான் வண்டியில் இருக்கட்டும். இன்று கடையில் கிடைக்கும் கண்டென்சர்களில் பல முதல் வாரத்திலேயே காலை வாருகின்றன. அதனால் நன்றாக ஓடிய பழையதைத் தூக்கிப் போடாமல் டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள். டயரில் பட்டன் (தரையில் படும் வரிகள்) நன்றாக இருக்கிறது என்று ஏமாற வேண்டாம், டயரின் வயதும் முக்கியம். பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணைப் பாருங்கள், 2314 என்றால் 2014-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. போய்ச் சேர்ந்ததும் பானட்டைத் திறந்து வையுங்கள். சுற்றி நிற்கிற பெரியவர்களில் ஒருவராவது இதே மாடலை ஓட்டியிருப்பார். கையேட்டில் இல்லாத விஷயங்கள் அவரிடம் கிடைக்கும்.

வீட்டுக்குத் திரும்பி வண்டியை நிறுத்தியதும் நாலு டிரம்முக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரே அச்சிலுள்ள இரண்டில் ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது. ஷூ அட்ஜஸ்ட்மென்ட், ஹோஸ், வீல் சிலிண்டர் மூன்றையும் பார்த்த பிறகுதான் அடுத்த முறை வண்டியை வெளியே எடுக்க வேண்டும்.