ஹை டென்ஷன் உருளை: குமிழைத் திருகும் முன் மணலைப் பாருங்கள்

மறுபடியும் அதே காட்சி. ஹை டென்ஷன் செப்பரேட்டரின் கதவு திறந்து கிடக்கிறது. கதவு திறந்தால் மின்சாரத்தை வெட்டும் இன்டர்லாக் சுவிட்சைக் கட்டுக்கம்பியால் இறுக்கி வைத்திருக்கிறார்கள். எந்த ஆலை என்பது வேண்டாம். காரணம் கேட்டால் எங்கேயும் ஒரே பதில்தான்: "சிர்கானில் ரூட்டைல் ஏறிடுச்சு சார், ஓடும்போதே சரி பண்ணணும்."

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி, கேரளத்துச் சவரா போன்ற கரைகளின் கனிம மணலைப் பிரிக்கும் இயந்திரம் இது. இல்மனைட்டும் ரூட்டைலும் மின்சாரத்தைக் கடத்தும். சிர்கான், மோனசைட், கார்னெட், சில்லிமனைட் கடத்தாது. சுழலும் உருளை மேல் விழும் எல்லா மணிகளுக்கும் கம்பி எலெக்ட்ரோடு மின்னூட்டம் கொடுக்கும். கடத்துபவை அதை எர்த் ஆன உருளையில் விட்டுவிட்டு முன்னால் தெறிக்கும். கடத்தாதவை உருளையில் ஒட்டிக்கொண்டு பின்னால் போய், பிரஷ்ஷில் உதிரும். அவ்வளவுதான். தயவுசெய்து இதைக் காந்தம் என்று சொல்லாதீர்கள், காந்தப் பிரிப்பான் வேறு.

பிரிப்பு கெட்டதும் கை நேராக கிலோவோல்ட் குமிழுக்குப் போவதுதான் பெரிய தொல்லை. 25-ஐ 30 ஆக்கினால் தரம் ஏறும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! சிர்கானோடு ரூட்டைல் போகிறது என்றால், ரூட்டைல் தன் மின்னூட்டத்தை உருளையிடம் விட முடியாமல் தவிக்கிறது என்று பொருள். மேலும் மின்னூட்டம் கொடுத்தால் இன்னும் இறுக்கமாக ஒட்டும், பொடி மணிகள் முதலில். அதற்கும் மேலே ஏற்றினால் தீப்பொறி பறந்து உருளையில் குழி விழும். பார்க்க வேண்டியவை வேறு. மணல் ஒற்றை மணி கனத்தில் விழுகிறதா, குவிந்து விழுகிறதா? உருளை மேல் தூசி படிந்திருக்கிறதா? மணிமேல் களிமண் பூச்சு இருக்கிறதா? உருளைத் தண்டைத் தொட்டு அதை எர்த்தோடு சேர்க்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டதா? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை.

சிர்கான் ரூட்டைல் பக்கம் தெறித்தால் சந்தேகம் ஈரத்தின் மேல். மணிமேல் மெல்லிய நீர்ப்படலமோ கடல் உப்போ இருந்தால் சிர்கானும் கடத்தத் தொடங்கும். மணலை நல்ல நீரில் கழுவி, உலர்த்தி, 100 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக உருளைக்குக் கொண்டுவர வேண்டும். ஹீட்டர் மீட்டர் காட்டுவதை நம்பாதீர்கள்; உருளைக்கு மேலே, மணல் தொட்டியான ஹாப்பரில் அளந்து பாருங்கள். கன்னியாகுமரிக் கரைக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அந்த மாதங்களில் வழியிலேயே மணல் சூடு இழந்து ஈரம் இழுத்துவிடும்.

கை வைக்க வேண்டுமென்றால் முறை இது. மணல் வரத்தை நிறுத்து. குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வா. மின்தொடர்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை இறக்கிப் பூட்டு. சாவி உன் பையில் இருக்கட்டும். தயாரிப்பாளர் தகட்டில் எழுதிய நேரம் வரை காத்திரு. பிறகு மிச்ச மின்னூட்டத்தை இறக்கும் எர்த் கம்பின் கிளிப்பை முதலில் எர்த்தில் மாட்டி, அதற்குப் பின் முனையை எலெக்ட்ரோடில் வை. இந்த வரிசை மாறினால் மின்சாரம் உன் கை வழியாகத்தான் இறங்கும். வேலை முடியும்வரை கம்பு அங்கேயே தொங்கட்டும். "அணைச்சுட்டேனே" என்பது போதாது, கேபிளிலும் கப்பாசிட்டரிலும் மின்னூட்டம் மிச்சம் இருக்கும். "மில்லிஆம்பியர்தானே" என்பதும் வேண்டாம். சில பத்து மில்லிஆம்பியர் இதயத்தின் தாளத்தைக் குலைக்கப் போதும்.

தூசி பற்றி ஒரு வேண்டுகோள். மோனசைட்டில் கதிர்வீசும் தோரியம் இருக்கிறது. நெஞ்சில் மாட்டும் டி.எல்.டி. பட்டை வெளியிலிருந்து வரும் கதிர்வீச்சைத்தான் பதியும், நீங்கள் சுவாசித்த தூசியை அது அறியாது. மூக்கில் துண்டு கட்டுவது முகமூடி ஆகாது. விளக்குமாற்றால் கூட்டாமல் வேக்குவம் போடுங்கள்.

அந்தக் கட்டுக்கம்பியை இன்றைக்கே வெட்டி எடுங்கள். கதவு சுவிட்ச் பழுதென்றால் புதியது மாட்டும்வரை அந்த உருளை ஓட வேண்டாம்.