நன்றியறிதல்: பொருளும் பிறப்பும்

அன்றாடம் கிடைக்கும் நன்மைகளை எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை இன்று பலரும் ‘கிராட்டிட்யூட்’ என்றே சொல்கிறார்கள். இலத்தீனில் இனியது, நன்றியுடையது என்னும் பொருள்களைத் தரும் ‘கிராட்டுஸ்’ என்பதன் வழிவந்த சொல் அது. ‘நன்றியுணர்வு’ என்னும் மொழிபெயர்ப்பு பிழையன்று. ஆயினும் ‘நன்றியறிதல்’ என்பதே இதற்குரிய தமிழ் என்பது என் துணிபு.

‘நல்’ என்னும் அடியிலிருந்து பிறந்த ‘நன்றி’ முதலில் நன்மையையே குறித்தது. ‘நன்றிக்கு வித்தாகும் நல்லொழுக்கம்’ என்ற குறளில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. நன்மை என்பதே அங்குப் பொருள். ‘தினைத்துணை நன்றி செயினும்’ என்னும்போது ஒருவர் செய்த உதவியே நன்றியாகிறது. இன்று நாம் நன்றி சொல்கிறோம். அன்று நன்றி செய்தார்கள். பெற்றவரின் கடமை, செய்யப்பட்ட அந்த நன்மையை அறிவது. ஆகவேதான் திருக்குறளின் 11ஆம் அதிகாரம் ‘செய்ந்நன்றியறிதல்’ என்று பெயர் பெற்றது. பிறர் தனக்குச் செய்த நன்மையை மறவாமை என்று பரிமேலழகர் அதற்குப் பொருள் உரைத்தார். தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாள நடையில் வழங்கிய ‘கிருதக்ஞதை’யும் செய்ததை அறிதல் என்றே விரியும். அறியாமல் விடுவதை நம் முன்னோர் ‘கொல்லுதல்’ என்னும் கடுஞ்சொல்லால் குறித்தனர். ‘செய்தி கொன்றோர்க்கு உய்தி இல்’ என்று அறநூல் பாடியதைப் புறநானூற்றின் 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் எடுத்துரைக்கிறார். அங்கே ‘செய்தி’ என்பது செய்த உதவி; ‘உய்தி’ என்பது தப்பும் வழி.

தினையளவு உதவியைப் பனையளவாகக் கொள்பவரைக் குறள் ‘பயன்தெரிவார்’ என்கிறது. அன்றாட நன்றியறிதலின் செயல்முறை முழுவதும் இச்சொல்லில் இருப்பதாகவே நான் கருதுகிறேன். விடியுமுன் கதவில் மாட்டிய பையில் பால் பாக்கெட் விழுகிறது. நாம் எழுவதற்குள் போட்டவர் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார். அவருக்கு மாதக் கணக்கில் பணம் கொடுத்துவிடுகிறோம் என்பது உண்மைதான். ஆனால் மழை கொட்டும் விடியலிலும் குழந்தைக்குப் பால் காய்ச்ச முடிந்தது எவரால் என்று ஒரு கணம் நினைப்பதே பயன் தெரிதல்.

செய்தவர் என்று ஒருவரைச் சுட்ட முடியாத கொடைகளுக்குத் தமிழில் ‘போற்றுதல்’ என்னும் சொல் இருக்கிறது. சிலப்பதிகாரம் திங்களையும் ஞாயிற்றையும் மாமழையையும் ‘போற்றுதும்’ என்றே தொடங்குகிறது. ஆகையால் பிறர் செய்த உதவியை நினைப்பதை நன்றியறிதல் என்றும், வெயில், மழை, காற்று போன்றவற்றை எண்ணி மகிழ்வதைப் போற்றுதல் என்றும் வழங்கலாம். நாளின் நன்மைகளை எழுதி வைக்கும் நோட்டுக்கு ‘நன்றியறி குறிப்பேடு’ என்ற பெயர் பொருந்தும். ‘நன்றி கூறல்’ என்பதை வாய்விட்டுச் சொல்லும் வழக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.