தெலெநொவேலாவைச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள்

போன வாரம் ஒரு மெக்சிகோ படத்தைத் தமிழ் சப்டைட்டிலோடு பார்த்தேன். டிவி முன்னால் உட்கார்ந்த பாட்டி, குறுக்கே வரும் பேத்தியை அதட்டுகிறாள். அவள் வாயில் 'நொவேலா' என்று தெளிவாகக் கேட்கிறது, கீழே ஓடும் வரியோ 'நான் சோப்பு நாடகம் பார்க்கிறேன்'. இதே சொல்லை நான் பார்ப்பது இது மூன்றாவது முறை.

பாட்டி சொன்ன நொவேலா, லத்தீன் அமெரிக்க டிவி தொடரான தெலெநொவேலாவின் சுருக்கம். ஸ்பானிய மொழியில் தெலெவிசியோன் என்றால் தொலைக்காட்சி, நொவேலா என்றால் நாவல், இரண்டும் ஒட்டியது தெலெநொவேலா. நொவேலாவின் வேர் 'புதிய' என்னும் லத்தீன் சொல். நாமும் புதுவிலிருந்துதானே புதினம் கட்டினோம்! யாழ்ப்பாணத்தில் 'என்ன புதினம்?' என்றால் என்ன செய்தி என்று பொருள். இத்தாலியர்களின் நொவெல்லாவுக்கும் செய்தி என்ற பொருள் உண்டு.

சரி, சோப்பு எங்கிருந்து வந்தது? 1930களில் அமெரிக்க வானொலியின் பகல்நேர நாடகங்களுக்குச் சோப்புக் கம்பெனிகள் காசு கொடுத்தன, அதைக் கிண்டலடித்து ஆங்கிலத்தில் வைத்த பெயர்தான் 'சோப் ஆபரா'. அந்தக் கிண்டல் தெரியாத தமிழ் வாசகருக்குக் குளியலறைதான் ஞாபகம் வரும். 'வழலை நாடகம்' என்று தனித்தமிழில் சொன்னாலும் தவறு தவறுதான். கியூபா வானொலி நாடகங்களுக்கும் சோப்புக்காரர்கள்தான் படியளந்தார்கள் என்று ஒரு நண்பர் மடக்கினார். உண்மை, ஆனால் கியூபாக்காரர்கள் அதை ரேடியோநொவேலா என்றார்கள், பெயரில் சோப்பை ஏற்றவில்லை.

அதைவிட முக்கியம், பண்டமே வேறு. அமெரிக்காவின் 'ஜெனரல் ஹாஸ்பிடல்' என்ற சோப் ஆபரா 1963இல் தொடங்கி இன்னும் ஓடுகிறது. தெலெநொவேலாவோ நாவல் மாதிரி முடிந்துவிடும். இந்தியில் 'ஜஸ்ஸி' சீரியலாக வந்ததே, பெட்டி என்ற பெண்ணைப் பற்றிய அந்தக் கொலம்பியா தெலெநொவேலா 1999 அக்டோபரில் தொடங்கி 2001 மே மாதம் கல்யாணத்தோடு முடிந்தது. அதனால் 'நெடுந்தொடர்' என்பதும் எனக்கு ஒப்பவில்லை, நீளம் மட்டுமே அடையாளம் இல்லை. நீளத்தைக் கிண்டலடிக்க ஸ்பெயினில் 'குலெப்ரோன்', அதாவது பெரும்பாம்பு, என்று தனியாக ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். நல்லவேளை, அது இன்னும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் கையில் சிக்கவில்லை.

கட்டுரையில் எழுத 'தொலைப்புதினம்' போதும். 'தொலை' என்பது திட்டுகிற மாதிரி இருக்கிறதாம் சிலருக்கு, ஆனால் தொலைபேசியில் பேசும்போது யாருக்கும் அப்படித் தோன்றுவதில்லை. ஸ்பானிய மூலத்தைத் தொடாமல் ஆங்கில வரியைப் பார்த்து மொழிபெயர்ப்பதுதான் இத்தனைக்கும் காரணம் என்பது என் சந்தேகம். அந்தப் பாட்டிக்குத் தொலைப்புதினமும் வேண்டாம். 'தள்ளு, என் சீரியல் ஓடுது' என்று போட்டிருந்தால் நான் படத்தை நிறுத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.