தலைகீழாகப் பிடித்தாலும் ஓடும் எஞ்சின்

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். தானே புயலில் தோப்பு மொத்தமும் சாய்ந்தபோது, அவருடைய அப்பா மரம் அறுக்கும் பழைய செயின் சா ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினாராம். வேலை முடிந்ததும் அது பரணுக்குப் போய்விட்டது. ஃபெஞ்சல் புயலில் வாசலில் நின்ற பலா மரம் விழுந்தபிறகு அதை இறக்கியிருக்கிறார்கள். கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலில் நன்றாக ஓடுகிறது, ஆக்சிலேட்டரை அழுத்தினால் உடனே அணைந்துவிடுகிறது. கடிதத்தின் கடைசியில் இன்னொரு கேள்வியும் இருந்தது: "என் பைக் சாய்ந்து விழுந்தாலே பெட்ரோல் வழிந்து நின்றுவிடும். இந்த மெஷினைப் பக்கவாட்டில், தலைகீழாக, எப்படிப் பிடித்தாலும் அப்பா அறுப்பார். அது எப்படி சார்?"

அவர் இதை இரண்டு கேள்விகளாக எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுள்ள ஒரு ரப்பர் தகட்டில் இருக்கிறது. அதன் பெயர் டயாபிரம்.

முதலில் பைக்கைப் பார்ப்போம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். பழைய பைக்கின் கார்புரேட்டருக்குள் ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. அதில் பெட்ரோல் நிறைய நிறைய ஒரு மிதவை மேலே எழுந்து ஊசி வால்வை மூடும். மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதவைப் பந்து செய்யும் அதே வேலைதான். மிதவைக்கு மேல் எது, கீழ் எது என்று தெரிய வேண்டும், அதை அதற்குச் சொல்வது புவியீர்ப்பு. பைக்கைச் சாய்த்தால் கணக்கு தப்பிவிடும்.

இதே சிக்கலில் இரண்டாம் உலகப் போரில் விமானிகளே மாட்டினார்கள். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தில் மிதவைக் கார்புரேட்டர்தான் இருந்தது. மூக்கைச் சட்டென்று கீழே குத்திப் பாய்ந்தால் எஞ்சின் திணறும். ஜெர்மன் விமானங்களில் பெட்ரோலை நேரடியாகப் பீச்சும் முறை இருந்ததால் அவற்றுக்கு இந்தக் கவலை இல்லை. 1941-இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர், பெட்ரோல் வரும் வழியில் நடுவே துளையிட்ட சின்ன உலோக வில்லை ஒன்றைப் பொருத்தி அப்போதைக்கு நிலைமையைச் சமாளித்தார். அப்புறம்தான் அந்த விமானங்களுக்கு மிதவையே இல்லாத கார்புரேட்டர்கள் வந்தன.

மரம் அறுக்கும் மெஷினின் கதையும் இப்படித்தான் போனது. ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1929-இல் கொண்டுவந்த பெட்ரோல் மெஷின் 46 கிலோ எடை, தூக்க இரண்டு ஆள் வேண்டும். மிதவை வைத்த அந்தக் கால மெஷின்களில் எஞ்சினைச் சாய்க்க முடியாது. அதனால் எஞ்சினை நிமிர்த்தியே வைத்துக்கொண்டு, செயின் ஓடும் பட்டையை மட்டும் திருப்பிக்கொள்ள வழி செய்திருந்தார்கள். நிற்கும் மரத்தை அறுக்கப் பட்டையைப் படுக்க வைப்பார்கள், விழுந்த மரத்தைத் துண்டு போட நிமிர்த்துவார்கள். டயாபிரம் வந்த பிறகு இந்த அவஸ்தை தீர்ந்தது. 1949-இல் மெக்கலக் 3-25 போன்ற, ஒரே ஆள் எப்படியும் பிடித்து அறுக்கக்கூடிய மெஷின்கள் சந்தைக்கு வந்தன.

சரி, உள்ளே போகலாம். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பள்ளியில் படித்ததுதான். பிஸ்டன் மேலே போகும்போது அடியில் உள்ள கிராங்க் கேஸில் அழுத்தம் குறைந்து, பெட்ரோலும் ஆயிலும் கலந்த காற்று உள்ளே வரும். பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு மேலே தள்ளப்படும். ஒவ்வொரு சுற்றுக்கும் கிராங்க் கேஸ் ஒரு முறை மூச்சு இழுத்து விடுகிறது. நிமிடத்துக்கு 9000 சுற்று என்றால் நொடிக்கு 150 மூச்சு.

இந்த மூச்சை வைத்தே பெட்ரோலை இறைத்துக்கொள்கிறது மெஷின். கிராங்க் கேஸிலிருந்து ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை கார்புரேட்டருக்குப் போகும். அங்கே மெல்லிய தகடு ஒன்று அந்த மூச்சுக்கு ஏற்ப மேலும் கீழும் படபடக்கும். அதே தகட்டில் நாக்கு மாதிரி வெட்டிய இரண்டு மடல்கள் உண்டு. ஒன்று பெட்ரோலை உள்ளே விடும், மற்றது வெளியே விடும், இரண்டுமே திரும்பி வர விடாது. நம் இதயத்தில் வால்வுகள் செய்யும் வேலைதான். மோட்டார் இல்லை, பல்சக்கரம் இல்லை, தகட்டில் நாக்கு வடிவில் நறுக்கிய இரண்டு வெட்டுகள்தான் பம்பு. டாங்குக்குள் பெட்ரோலை எடுக்கும் குழாயும் வளையும் ரப்பர்தான். அதன் நுனியில் கனமான ஃபில்டர் ஒன்று தொங்குவதால், மெஷினை எந்தப் பக்கம் சாய்த்தாலும் நுனி பெட்ரோல் இருக்கும் மூலைக்குப் போய்விழும்.

இறைத்தாகிவிட்டது. எவ்வளவு விட வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? நான் பல வருடங்களாகப் பிள்ளைகளுக்குக் கழற்றிக் காட்டிச் சலிக்காத இடம் இதுதான்.

கார்புரேட்டரின் இன்னொரு பக்கத்தில் சில மில்லிமீட்டர் ஆழமுள்ள ஓர் அறை இருக்கிறது. அதன் மூடிதான் நான் சொன்ன ரப்பர் தகடு. தகட்டின் ஒரு பக்கம் பெட்ரோல், மறு பக்கம் வெறும் காற்று. வெளிக்காற்று வந்துபோக மேல்மூடியில் சின்னத் துளை ஒன்று உண்டு. அறைக்குள் ஒரு குட்டி நெம்புகோல், அதன் ஒரு முனை தகட்டின் நடுவைத் தொடும், மறு முனை ஊசி வால்வைப் பிடித்திருக்கும். சன்னமான ஸ்பிரிங் ஒன்று ஊசியை மூடியே வைத்திருக்கும்.

எஞ்சின் காற்றை இழுக்கும்போது கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் காற்று வேகமெடுக்கிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும், பெர்னூலி சொன்னது. அந்தக் குறைந்த அழுத்தம் அறையில் உள்ள பெட்ரோலைச் சின்னத் துளைகள் வழியாக உறிஞ்சுகிறது. அறையில் பெட்ரோல் குறைய, அங்கேயும் அழுத்தம் இறங்குகிறது. தகட்டின் மறுபக்கத்தில் நிற்பது வளிமண்டலம், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ கனத்துடன். தகட்டின் விட்டம் 2 சென்டிமீட்டர் என்று வையுங்கள், பரப்பு 3 சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். உள்ளே அழுத்தம் நூற்றில் ஒரு பங்கு குறைந்தாலே தகட்டின் மேல் சுமார் 30 கிராம் எடை வைத்தது போல ஆகும். நெம்புகோல் சாய அது போதும். ஊசி எழுகிறது, பெட்ரோல் வருகிறது, அறை நிறைகிறது, தகடு பழைய இடத்துக்குப் போகிறது, ஊசி மூடுகிறது. எஞ்சின் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் உள்ளே வரும். கேட்பதும் அழுத்தத்தால், கொடுப்பதும் அழுத்தத்தால்.

இதில் மேல், கீழ் என்ற பேச்சே இல்லை. அறையின் ஆழத்துக்கு நிற்கும் பெட்ரோலின் எடை காற்றழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அதனால் மெஷினைக் கவிழ்த்தாலும் தகட்டுக்கு வித்தியாசம் தெரியாது. காற்று எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்துகிறது, தகடு அதை மட்டும்தான் கேட்கிறது.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. அதன் மையத்தில் அழுத்தம் 969 மில்லிபார் வரை இறங்கியிருந்தது. சாதாரண நாளில் 1013 இருக்கும், அதாவது நூற்றுக்கு நாலு பங்குக்குச் சற்று மேல்தான் குறைவு. அந்தப் பள்ளத்தை நிரப்ப ஓடிய காற்றுதான் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம்வரை போய், பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. மரத்தைச் சாய்த்ததும் அழுத்த வித்தியாசம், சாய்ந்த மரத்தை அறுக்கும் மெஷினுக்குப் பெட்ரோல் ஊட்டுவதும் அழுத்த வித்தியாசம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுத் தெருவில் மூன்று நாள் கேட்ட அந்த அறுப்புச் சத்தத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு இந்தக் கணக்குதான் மனதில் ஓடும்.

இனி வாசகரின் மெஷின். ரப்பர் தகடு வருடக் கணக்கில் காய்ந்தால் விறைத்துப்போகும். டாங்கில் விட்டுவைத்த பெட்ரோல் ஆவியாகி, பிசின் மாதிரி படிந்து, ஊசியை ஒட்டவைக்கும். போதாததற்கு இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய மெஷின்களின் ரப்பர் அதை எண்ணிச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் சில வகை ரப்பரை உப்பவைக்கும், காய்ந்தால் இறுகவைக்கும், காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். கடலூர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்!

ஐடிலுக்குத் தேவை கொஞ்சம் பெட்ரோல்தான், விறைத்த தகடுகூட அதைக் கொடுத்துவிடும். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது பல மடங்கு வேண்டும், தகடு அவ்வளவு வளையாது. அதுதான் அணைந்துவிடுகிறது. சோக்கைப் பாதி போட்டுக் காற்றைக் குறைத்து எப்படியோ ஓட்டிவிடலாம் என்று பலர் நினைப்பார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் சிலிண்டரில் உராய்ந்து கோடு விழும். ஐந்து நிமிட அவசரத்தில் நாற்பது வருட மெஷின் போய்விடும்.

புதுச்சேரி ஞாயிறு சந்தையில் நான் வாங்கிய பழைய மெஷினுக்கு வந்த நோய் வேறு. தகடு மாற்றியும் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. முதுநகரில் விசைப்படகு எஞ்சின் பார்க்கும் மெக்கானிக் தம்பியிடம் கொண்டுபோனேன். கேட்டுப் பார்த்துவிட்டு, "சார், இது காத்து திருடுது. ஆயில் சீல் போயிருக்கும்" என்றார். கிராங்க் கம்பியின் இரு முனையிலும் உள்ள சீல் காய்ந்தால் அந்த வழியாகக் காற்று உள்ளே புகுந்துவிடும். வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. அதன் பந்தையும் மீட்டரையும் கழற்றி கிராங்க் கேஸ் துளையில் மாட்டி, வரும் வழி போகும் வழி இரண்டையும் ரப்பர் வைத்து அடைத்து, 250 வரை ஏற்றினேன். முள் நிற்காமல் இறங்கியது. சோப்பு நுரை தடவினால் மேக்னெட் பக்கத்துச் சீலில் குமிழி குமிழியாக வந்தது. சீல் மாற்றிய பிறகு முள் அப்படியே நின்றது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

அந்த மெஷின் எனக்கு மலிவாகக் கிடைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அது "ரத்தம் குடித்த மெஷின்" என்றார்கள். முன்பு வைத்திருந்தவருக்கு அடிபட்டிருக்கிறது, அதன்பின் எலுமிச்சம்பழம் சுற்றிக் கட்டி மூலையில் போட்டிருக்கிறார்கள். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை, கருவியை மதிக்கும் பழக்கம் அது. ஆனால் அடிபட்டதற்குக் காரணம் மெஷினின் ராசி என்று முடிவு கட்டுவது ஆபத்து. பட்டையின் மூக்கில் மேல் பாதி மரத்தில் பட்டால், செயின் மரத்தைக் கவ்வ, மொத்த மெஷினும் ஆளின் முகத்தை நோக்கி எகிறும். கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. இன்றைய மெஷின்களில் கைக்கு முன்னால் உள்ள தடுப்பு தள்ளப்பட்டதும் செயினை நிறுத்தும் பிரேக் உண்டு. நான் வாங்கியதில் அது இல்லை. எலுமிச்சம்பழம் கட்டியவர்கள் இந்தக் காரணத்தைத் தேடவில்லை. அடுத்தவருக்கும் அதே அடி படும். அதனால் நான் அந்த மெஷினைப் பாடம் நடத்த மட்டும் ஓட்டுகிறேன், மரத்தில் வைப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. புயல் எங்கே கரை ஏறும் என்று முன்கூட்டிச் சொல்லும் ஆராய்ச்சிக்கு நாம் செலவிடுகிறோம், அதனால் எத்தனையோ உயிர்கள் பிழைக்கின்றன, அது இன்னும் கூட வேண்டும். ஆனால் மறுநாள் காலை ரோட்டை மறித்துக் கிடக்கும் மரத்தை அறுப்பது இந்த மெஷின்கள். நம் வெயிலையும் உப்புக் காற்றையும் எத்தனாலையும் தாங்கும் ரப்பரை இங்கேயே செய்து பார்க்க ஒரு பாலிடெக்னிக் ஆய்வகத்துக்குப் பெரிய தொகை தேவைப்படாது. ஐடிஐ பிள்ளைகளுக்கு டயாபிரம் கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டும் வகுப்பு இருந்தால் கடலோரம் முழுக்கப் பயன்படும். கேட்க வேண்டியவர்கள் காதில் விழும்வரை நான் இதைச் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

வாசகருக்கு: முதலில் டாங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். நன்றாக ஓடினால் மூடியின் காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது, அதோடு வேலை முடிந்தது. இல்லையென்றால் கார்புரேட்டரைக் கழற்றுங்கள். தகடு வெற்றிலை மாதிரி வளைய வேண்டும், காய்ந்த பனையோலை மாதிரி சலசலத்தால் மாற்ற வேண்டியதுதான். கடையில் மெஷினின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பழையதற்குக் கிடைக்காது என்பார்கள். கார்புரேட்டரின் உடம்பில் வால்ப்ரோ, டில்லாட்சன், ஸாமா என்று ஏதாவது ஒரு பெயரும் எண்ணும் பொறித்திருக்கும், அதைச் சொல்லுங்கள், தகடும் கேஸ்கட்டும் சேர்ந்த கிட் பெரும்பாலும் கிடைத்துவிடும். பிரிக்கும்போது எந்த கேஸ்கட் எதற்கு மேல் இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் கழற்றிய வகைகளில், ஊசி வால்வு இருக்கும் பக்கத்தில், அதாவது பெட்ரோலை அளந்து விடும் பக்கத்தில், கேஸ்கட் முதலில், தகடு அதன்மேல். பம்பு பக்கத்தில் தகடு முதலில், கேஸ்கட் அதன்மேல். மாற்றிப் போட்டால் ஓடாது. துளைகளில் கம்பி விட்டுக் குடையாதீர்கள், அளவு மாறிவிடும்.

பூட்டிய பிறகு முழு வேகத்தில், மரத்தில் வைக்காமல், ஒரு நொடி கேளுங்கள். சத்தம் கொஞ்சம் கரகரவென்று, விட்டு விட்டு வர வேண்டும். பெட்ரோல் சற்று அதிகமாக இருப்பதால் சில சுற்றுகளில் பற்றாமல் போகிறது, அந்தச் சத்தம்தான் அது. மரத்தில் வைத்து அழுத்தியதும் கரகரப்பு மறைந்து சத்தம் சுத்தமாக வேண்டும். சும்மா ஓடும்போதே கீச்சென்று மெலிதாகக் கத்தினால், ஹெச் என்று போட்ட திருகை இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள். பலா மரத்தில் வைப்பது அதற்கு அப்புறம். அப்பாவைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் சத்தம் அவர் காதுக்குத் தெரியும்.