குளிர் ஏற ஏற இனிக்கும் பார்ஸ்னிப்

பிரிட்டனில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் முதல் உறைபனி விழும்வரை பார்ஸ்னிப்பைத் தோண்ட அவசரப்பட மாட்டார்கள். கேரட் குடும்பத்து வேர்க்காய் அது. தந்த நிறம், ஜாதிக்காயை நினைவூட்டும் வாசம். இரண்டிலும் மிரிஸ்டிசின் என்ற ஒரே பொருள் இருப்பதுதான் காரணம். செப்டம்பரில் பிடுங்கினால் சப்பென்று இருக்கும். அதே பாத்தியில் நவம்பர் கடைசியில் பிடுங்கினால் பச்சையாகக் கடித்தாலே இனிக்கும்.

பார்ஸ்னிப் ஈராண்டுப் பயிர். மறு ஆண்டு பூப்பதற்கான உணவை முதல் ஆண்டிலேயே வேரில் மாவுச்சத்தாகச் சேர்த்துவைக்கிறது. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளை நீளமாகக் கோத்த மாலை. அப்படியே தின்றால் நாக்கில் இனிக்காது. மண் குளிர்ந்ததும் அமைலேஸ் போன்ற நொதிகள் அந்த மாலையை அறுக்கின்றன. அதிலிருந்து சுக்ரோஸ், அதாவது நம் வீட்டுச் சர்க்கரையேதான், உருவாகிறது. குளிரில் செடியின் சுவாசமும் மந்தமாகிவிடுவதால் அந்தச் சர்க்கரை செலவாகாமல் தேங்குகிறது. இதற்கு உறைபனிதான் விழ வேண்டும் என்பதில்லை. சுழியத்தை ஒட்டிய குளிர் சில வாரம் நீடித்தாலே போதும். பிடுங்கிய கிழங்கு ஃபிரிட்ஜுக்குள்ளும் இனிப்பேறும்.

செடிக்கு இதனால் என்ன லாபம்? சர்க்கரை கலந்த நீர் எளிதில் உறையாது என்பார்கள். அது சரிதான், ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த விளக்கம் போதவில்லை. ஒரு கிலோ தண்ணீரில் 342 கிராம் சர்க்கரை கரைத்தாலும் உறைநிலை சுமார் 2 டிகிரிதான் இறங்கும். பார்ஸ்னிப்பில் அவ்வளவு சர்க்கரை கிடையாது. பனிக்கட்டி முதலில் செல்களுக்கு வெளியே, இடைவெளிகளில்தான் உருவாகிறது. அது செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்க, செல் வற்றிச் சுருங்குகிறது. செடியைப் பெரும்பாலும் கொல்வது இந்த வறட்சிதான். சர்க்கரை கொஞ்சம் நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு, செல்லின் மெல்லிய சவ்வு சிதையாமல் காக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுவே.

பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸும் குளிரில் இனிப்பேறும். இந்தக் குட்டிக் கோஸின் கசப்புக்குக் காரணம் சினிக்ரின், புரோகோயிட்ரின் என்ற கந்தகச் சேர்மங்கள். 1990களில் நெதர்லாந்தில் இதைக் கண்டறிந்த பிறகு, கசப்பு குறைந்த ரகங்கள் வந்தன. இருந்தும் நெடுநேரம் வேகவைத்தால் கந்தக நாற்றம் வீடெங்கும் பரவும். பாதியாக நறுக்கி, காய்ந்த வாணலியில் வெட்டிய பக்கம் சிவக்கும்வரை வதக்குவதே மேல்.

பார்ஸ்னிப்பை ரோஸ்ட் செய்யும்போது இனிப்பே சிக்கலாகிவிடும். 200 டிகிரி ஓவனில் மேற்பரப்பு ஈரம் வற்றியதும், சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் தருகின்றன. சர்க்கரை மிகுந்த கிழங்கில் இது வேகமாக நடக்கும். உள்ளே வேகும் முன் மெல்லிய நுனி கருகிவிடும். அதனால் தடித்த தலைப்பகுதியை நான்காகப் பிளந்து, நுனியை முழுதாக விடுங்கள். கூடவே உருளைக்கிழங்கும் ரோஸ்ட் செய்தால், அது ஓவனுக்குள் போய் இருபது நிமிடம் கழித்து இதைச் சேர்த்தால் போதும். சூப்பாக வைப்பதென்றால் சீரகமும் மல்லித்தூளும் மிளகாயும் தாராளமாகப் போடலாம், அந்த இனிப்பு தாங்கும். கறிப்பொடி போட்ட பார்ஸ்னிப் சூப் பிரிட்டிஷ் வீடுகளில் வெகுகாலமாகவே பழக்கம்.

உருளைக்கிழங்கிலும் குளிர் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் அங்கே அதை யாரும் விரும்புவதில்லை. ஃபிரிட்ஜில் கிடந்த உருளையை வறுத்தால் சீக்கிரமே கறுத்துக் கசக்கும். உடலுக்குக் கெடுதி என்று சந்தேகிக்கப்படும் அக்ரிலமைடு என்ற பொருளும் கூடுதலாக உருவாகலாம். சிப்ஸ் தயாரிப்பவர்கள் அவ்வளவு குளிரில் உருளையை வைக்காதது இதனால்தான். ரோஸ்ட் செய்வதற்கு வாங்கிய பார்ஸ்னிப்பை ஃபிரிட்ஜிலும், உருளையை வெளிச்சம் படாத, அதிகம் குளிராத அலமாரியிலும் வையுங்கள்.