நாடு கடத்தல் வேறு, ஒப்படைப்பு வேறு

மும்பைத் தாக்குதல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட தஹாவூர் ராணா 2025 ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து தில்லிக்குக் கொண்டுவரப்பட்ட அன்று, ‘இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார் ராணா’ என்ற வரி தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள், “அவர் அமெரிக்காவுக்கு ஆபத்தானவர் என்று துரத்திவிட்டார்களா?” என்று கேட்டாள். அந்த வரியைப் படிப்பவர் அப்படித்தான் புரிந்துகொள்வார். உண்மையில் அவர் வழக்குக்காக இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டவர். ஒப்படைப்பை நாடு கடத்தல் என்று எழுதுவது, விஜய் மல்லையா பற்றிய செய்திகளிலும் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வரும் பிழை.

‘கட’ என்னும் வினையின் பிறவினை ‘கடத்து’. கடக்கச் செய்தல் என்பது அதன் பொருள். ஓர் அரசு ஒருவரைத் தன் எல்லையைக் கடக்கச் செய்வதே நாடு கடத்தல். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியையும் உடனிருந்த போராளிகளையும் 1802இல் கிழக்கிந்தியக் கும்பினியார் பினாங்குக்கு அனுப்பியது இத்தண்டனையே. இன்று அச்சொல் பெரும்பாலும், உரிய அனுமதியின்றித் தங்கியிருக்கும் அல்லது நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு எனக் கருதப்படும் அயல்நாட்டவரை அனுப்புவதைக் குறிக்கிறது. டிபோர்டேஷன் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

கடத்தல் என்றால் தங்கக் கடத்தலும் ஆட்கடத்தலும் நினைவுக்கு வருகின்றன என்று கூறி, ‘வெளியேற்றம்’ என்றே எழுத வேண்டும் என்போர் உளர். மின்கடத்தியிலும் காலங் கடத்துவதிலும் குற்றம் ஏதுமில்லை. ஒரு பொருளில் பெருகிய வழக்கைக் கண்டு அஞ்சி வேர்ச்சொல்லையே கைவிடுவது மொழிக்கு இழப்பு. மேலும், வெள்ளத்தில் சிக்கியவர்களையும் வெளியேற்றுகிறோம், அமளி செய்யும் உறுப்பினரை அவையிலிருந்தும் வெளியேற்றுகிறோம், ஆலைக் கழிவையும் வெளியேற்றுகிறோம். எல்லையும் அரசாணையும் அச்சொல்லில் இல்லை. இனி வரவே கூடாது என்று தடுப்பது நுழைவுத் தடை. அதையும் இதனுடன் குழப்ப வேண்டியதில்லை.

இவற்றைவிடப் பெரிய கேடு, எக்ஸ்ட்ரடிஷனையும் நாடு கடத்தல் என்பதுதான். லத்தீன் மூலத்திலேயே அதற்குக் கையளித்தல் என்று பொருள், தமிழில் ஒப்படைப்பு. மேற்கு ஜெர்மானியரான ஹான்ஸ் முல்லர் கல்கத்தாச் சிறையில் இருந்தபோது தொடுத்த வழக்கில், 1955இல் நம் உச்ச நீதிமன்றம் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்தது: வெளியே அனுப்பப்படுபவர் விடுதலை பெற்றவராக நாட்டை விட்டுச் செல்கிறார், ஒப்படைக்கப்படுபவரோ வழக்குக்காகவோ தண்டனைக்காகவோ காவலிலேயே கைமாறுகிறார். முன்னது அனுப்பும் அரசின் முடிவு. பின்னது கேட்கும் அரசின் வேண்டுகோளில் தொடங்குவது.

இந்த வேறுபாட்டில் ஒரு மனிதரின் உரிமை அடங்கியிருக்கிறது. ஒப்படைப்பை எதிர்த்து ராணா அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை வழக்காடினார். ஆனால் நாடு கடத்தலில், தேசப் பாதுகாப்பு கட்டாயமாகக் கோருமானால், எதிர்ப்புக் காரணங்களைக் கூறும் வாய்ப்பைக்கூட மறுக்கலாம் என்று 1966ஆம் ஆண்டின் குடிமை, அரசியல் உரிமைகள் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் 13ஆம் பிரிவே இடமளிக்கிறது. நீண்ட விசாரணைக்குப் பின் நடந்ததையும் ஓர் ஆணையால் முடிந்ததையும் ஒரே சொல்லால் எழுதினால், எது எவ்வாறு நடந்தது என்று வாசகர் அறிய வழியில்லை. ஆங்கிலச் செய்தியில் இரண்டு சொற்கள் இருக்கும்போது, பழகிய ஒன்றையே இரண்டுக்கும் போட்டு அனுப்பும் மொழிபெயர்ப்பாளர் செய்தியையே மாற்றிவிடுகிறார்.

‘ராணாவை ஒப்படைத்தது அமெரிக்கா’ என்று எழுதியிருக்கலாம். மூன்றே சொற்கள், திரையின் அடிவரியிலும் இடம் மிஞ்சியிருக்கும்.