மொரட்டோரியம்: தமிழில் என்ன சொல்லலாம்?

தாமதித்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. கடனைக் கட்டச் சட்டப்படி கிடைக்கும் தற்காலிக அவகாசம் என்பது பொருள். வங்கிக்காரர்கள் மட்டுமே அறிந்திருந்த இச்சொல்லை 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி தெருவுக்குக் கொண்டுவந்தது. மார்ச் 1 முதல் மே 31 வரையிலான தவணைகளைத் தள்ளிக் கட்டலாம் என்றது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது.

ஆந்திராவின் நகரி, புத்தூர் பக்கத்தில் வீட்டில் தமிழும் வங்கியில் தெலுங்கும் பேசும் தறிக்காரர்களுக்கு இது 'வாய்தா'. வாக்குறுதியைக் குறிக்கும் அரபுச் சொல், உருது வழியாக வந்தது. தமிழ்நாட்டில் வாய்தா என்றால் கோர்ட்தான் நினைவுக்கு வரும். தெலுங்கில் தவணைக்கும் 'வாயிதா', தள்ளிப்போடுவதற்கும் 'வாயிதா'. "வாய்தா கட்டணுமா, இல்ல அதுக்கும் வாய்தா குடுத்துட்டாங்களாண்ணா?" என்று அங்கே ஒரே மூச்சில் கேட்கலாம். நம் 'தவணை' மட்டும் என்ன? கட்டுவதும் தவணை, கடன் கொடுத்தவரிடம் கேட்கும் அவகாசமும் தவணை.

குழப்பம் வட்டியில்தான். தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. 12 சதவீத வட்டியில் ஒரு லட்சம் பாக்கி இருந்தால் ஆறு மாதத்துக்குத் தனிவட்டி 6,000 ரூபாய். மாதாமாதம் வட்டிக்கு வட்டி சேர்த்தால் சுமார் 6,152. இந்த 152 போன்ற வித்தியாசத்தைத்தான் 2 கோடி வரையிலான கடன்களுக்கு மத்திய அரசு ஏற்றது. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பையும் நீக்கியது.

வங்கிக்கு வேறு தலைவலி. 90 நாள் தாண்டி நிலுவையில் நின்றால் வாராக்கடன் என்பது விதி. அவகாசக் காலம் அந்தக் கணக்கில் சேராது. எனவே நொடித்தவர் கணக்கும், பணமிருந்தும் கட்டாதவர் கணக்கும் ஏட்டில் ஒன்றுபோலவே நல்ல கடனாகத் தெரிந்தன. கடன் திரும்பி வராமல் போகும் ஆபத்தை அளக்கும் கருவியே கொஞ்ச நாள் ஓடவில்லை. அதனால்தான் ஏற்கெனவே நிலுவையோடு அவகாசம் பெற்ற கணக்குகளுக்கு, பாக்கியில் 10 சதவீதத்தை இழப்பை ஈடுகட்ட ஒதுக்கி வைக்கச் சொன்னது ரிசர்வ் வங்கி.

தமிழில் 'கடன் சலுகை' என்று எழுதியவர்கள் உண்டு. எதையோ குறைத்தார்கள் என்று தோன்றவைக்கும் சொல், வேண்டாம். 'தள்ளிவைப்பு' பொருளில் சரிதான். ஆனால் காதில் 'தள்ளுபடி'யாக விழுந்துவிடும். 'தவணை ஒத்திவைப்பு' என்பதே என் தேர்வு.

எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. அதே 2020 மார்ச் 5 அன்று யெஸ் வங்கிமேல் விதித்ததும் மொரட்டோரியம்தான். அங்கே வாடிக்கையாளர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியவில்லை. அதற்கு 'பணம் எடுக்கக் கட்டுப்பாடு' என்றே எழுத வேண்டும்.